மெத்தைக்குள் இருக்கும் காற்று

மெத்தை வாங்கப் போகிறேன் என்று தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்காமலே இரண்டு யோசனை வரும். "இலவம் பஞ்சு வாங்குங்க, உடம்புக்குக் குளிர்ச்சி" என்பது ஒன்று. "பஞ்செல்லாம் ரெண்டே வருஷத்துல கட்டி தட்டிப் போயிரும், நல்ல ஃபோமா பாத்து எடுத்துப் போடுங்க" என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர் அநேகமாக அறுபதைத் தாண்டியவர். இரண்டாவதைச் சொல்பவர் பெரியகுளத்திலோ தேனியிலோ தவணையில் கட்டிலும் மெத்தையும் சேர்த்து எடுத்தவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிய மெத்தையைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் கட்டியாக இருந்தால் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,200 கிலோ எடை இருக்கும். கடையில் '32 டென்சிட்டி' என்று விற்கும் ஃபோம் அதே பிளாஸ்டிக்தான்; ஆனால் ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ மட்டுமே. மீதி 97 சதவீதத்துக்கு மேல் காற்று. ரப்பர் தடவிய தென்னை நார் மெத்தையிலும், லேடெக்ஸ் மெத்தையிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். காற்று இலவசம். நாம் காசு கொடுப்பது அதைச் சுற்றியிருக்கும் சுவர்களுக்கு. அந்தச் சுவர் எத்தனை வருஷம் மடங்காமல் நிற்கும், உள்ளே இருக்கும் காற்று வெளியே போய் வர வழி விடுமா, உடைந்தால் திருப்பிச் செய்ய முடியுமா என்பவைதான் மெத்தை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்.

தேனி மாவட்டத்தில் இந்தச் சுவரை ஒரு மரமே செய்து தருகிறது. போடி மலைச்சரிவில் காபிக்கும் மிளகுக்கும் நடுவேயும், கடமலைக்குண்டு, வருசநாடு பக்கமும் நெட்டையாக நிற்கும் இலவ மரம். தாவரவியலில் சீபா பென்டாண்ட்ரா. கிளைகள் தண்டிலிருந்து கிடையாக நீட்டிக்கொண்டிருப்பதை வைத்துத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். இலை உதிர்த்த காலத்தில் பூக்கும். பூ இரவில் விரியும். மகரந்தத்தைச் சுமப்பது வௌவால். பங்குனி, சித்திரையில் காய் முற்றும். காய் வெடித்துவிட்டால் பஞ்சு காற்றோடு போய்விடும் என்பதால் அதற்கு முன்பே அடித்து இறக்கி, வெயிலில் காயப்போட்டு, ஓட்டை உடைத்து எடுக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பருத்தியில் பஞ்சு முளைப்பது விதையின் தோலிலிருந்து. அதனால் விதையைப் பிரிக்க ஜின்னிங் இயந்திரம் தேவை. இலவத்தில் பஞ்சு முளைப்பது காயின் உட்சுவரிலிருந்து. விதை அதில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சும்மா புதைந்து கிடக்கிறது. கிளறிவிட்டால் கனமான விதை கீழே போகும், பஞ்சு மேலே வரும். பெரிய முதல் போடாமல் இந்தத் தொழில் வீட்டு வாசலிலும் சின்னப் பட்டறையிலும் நடக்க முடிந்ததற்கு இந்தத் தாவரவியல் ஒரு முக்கியக் காரணம்.

இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். நீளம் ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர், தடிமன் 20 முதல் 40 மைக்ரான், ஆனால் சுவரின் கனம் ஓரிரு மைக்ரான்தான். இழையின் கன அளவில் ஏறத்தாழ 80 சதவீதம் வெற்றிடம், அதாவது காற்று. பருத்தி இழையும் ஒரு செல்தான். அது காயும்போது தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால்தான் அதை நூலாக நூற்க முடிகிறது. இலவம் முறுக்கிக்கொள்ளாது. லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம் இருப்பதால் விறைப்பாக உருளையாகவே நிற்கும். மேலே மெழுகுப் பூச்சு வேறு. வழுக்கும், குட்டை, எளிதில் ஒடியும். நூற்பதற்கு லாயக்கில்லாத பஞ்சு என்பதால்தான் அது மெத்தைக்கும் தலையணைக்கும் வந்து சேர்ந்தது.

மெழுகும் காற்றும் சேர்ந்ததால் அது தண்ணீரில் மூழ்காது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அடைத்திருந்தது இலவம் பஞ்சுதான். உலகச் சந்தைக்கு வந்ததில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து. 1942-ல் ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்ததும் வரத்து நின்றது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை விட்டு எருக்கின் உறவான ஒரு காட்டுச் செடியின் பஞ்சைப் பொறுக்கச் சொன்னார்கள்.

வாங்கும்போது இந்தக் குணத்தையே சோதனையாக்கிக்கொள்ளலாம். இலவம் பஞ்சோடு மில் கழிவுப் பஞ்சைக் கலந்து விற்பது உண்டு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மட்டும் தெரிந்துவிடாது. சுத்திகரிக்காத பருத்தியிலும் கொஞ்சம் மெழுகு உண்டு, உடனே மூழ்காது. தண்ணீருக்குள் வைத்து நன்றாகப் பிசைய வேண்டும். பருத்தி நனைந்து கூழாகும். இலவம் அடம்பிடித்து மேலே வந்து, உதறினால் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். வெளிச்சத்தில் பட்டுப்போல மின்னுவதும், ஊதினால் அறையெல்லாம் பறப்பதும் கூடுதல் அடையாளம். விரலுக்கு நெருடும் விதை நிறைய இருந்தால் நீங்கள் விதைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

இப்போது அந்தப் பெரியவர் சொன்ன குளிர்ச்சிக்கு வருவோம். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லுமளவுக்கு மோசமான கடத்தி. சிமெண்ட் தரை அதைவிட நாற்பது ஐம்பது மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தரையில் வெறும் உடம்போடு படுத்தால் ஜில்லென்று இருப்பது அதனால்தான். உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்குப்படி குழாய்க்குள்ளும் வெளியிலும் காற்றை அடைத்துவைத்த இலவம் பஞ்சு கம்பளிக்கு நிகரானது. பனிப்பிரதேசத்துத் தூக்கப் பைகளில் அதை அடைத்திருக்கிறார்கள். குளிர்ச்சி எங்கே இருந்து வரும்?

தூங்கும் உடம்பு 70, 80 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மெத்தையில் அழுந்தியிருக்கும் பக்கம் அந்த வழி அடைபட்டுப் போகிறது. மிச்சமுள்ள வழி வியர்வை ஆவியாவது. ஆவி வெளியே போக இடம் இருந்தால் புழுக்கம் இல்லை. இலவம் பஞ்சு மெத்தைக்கு மேலே பருத்தித் துணி, உள்ளே தளர்ந்த இழைகள். ஆவி இடைவெளி வழியாகப் போய்விடும். மெழுகு பூசிய இழை ஈரத்தை உறிஞ்சித் தேக்கி வைப்பதும் இல்லை. இன்னொரு விஷயம், கொஞ்ச நாள் படுத்த பஞ்சு மெத்தை அமுங்கிக் கெட்டியாகிவிடும். உடம்பு அதில் புதைவதில்லை. புதையாத உடம்பைச் சுற்றி மின்விசிறிக் காற்று படும் பரப்பு அதிகம். ஃபோமில், அதிலும் மெமரி ஃபோமில், இடுப்பும் தோளும் உள்ளே அமிழ்ந்து மூன்று பக்கமும் மெத்தை சூழ்ந்துகொள்ளும். ஆக, பஞ்சு எதையும் குளிரவைக்கவில்லை. சித்திரை வைகாசியில் ஃபோமைவிடக் குறைவாகப் புழுங்க வைக்கிறது, அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை. பெரியவருக்குப் பாதி மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

புழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபதாயிரம் கொடுத்து வாங்கிய மெத்தையை, அழுக்காகிவிடும் என்று கடையில் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் உறையோடே போட்டுப் படுக்கிற வீடுகள் நம்மிடம் எத்தனை! அதற்கு மேல் விரித்த பருத்திப் போர்வை வியர்வையை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். உறையைக் கிழித்துப் போடுவது செலவே இல்லாத மேம்பாடு.

பஞ்சு கட்டி தட்டிப் போகும் என்ற இரண்டாவது குற்றச்சாட்டு? அதுவும் உண்மை. அந்தக் குழாய்ச் சுவர் மெல்லியது, வளையாமல் ஒடியும் குணமுள்ளது. ஒவ்வொரு இரவும் ஐம்பது அறுபது கிலோ அதன் மேல் புரண்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்கள் நசுங்கும். நசுங்கியது திரும்ப உருளையாகாது; பொடியாகித் தூசியாகும். நசுங்காமல் வெறுமே ஈரத்தில் படிந்து ஒட்டிக்கொண்டதோ வெயிலில் போட்டு அடித்தால் திரும்ப எழும். மாதம் ஒரு நாள் மொட்டை மாடியில் காயப்போடும் பழக்கத்துக்கு இதுதான் காரணம். செத்த தோலைத் தின்று மெத்தைக்குள் வாழும் தூசிப் பூச்சிகளுக்கும் வறட்சியும் சூடும் ஆகாது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இந்த வேலையை அவர் செய்யக்கூடாது. உதறும்போது பறக்கும் பஞ்சுத் தூசி மூச்சுக்குழலுக்கு எதிரி.

ஆனால் ஃபோமுக்கு இல்லாத ஒரு வசதி பஞ்சு மெத்தைக்கு உண்டு. தையலைப் பிரித்து, பொடியானதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை உதிர்த்து, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்து, வேறு உறையில் அடைத்துத் தைத்துவிடலாம். நடுவில் பள்ளம் விழுந்த ஃபோமை எந்தக் கைவினைஞரும் சரிசெய்ய முடியாது. அது குப்பைக்குத்தான் போகும். மட்காது.

நெருப்பு விஷயத்தில் மட்டும் பஞ்சிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது. மெழுகும், எரியத் தேவையான காற்றும் ஒரே இழைக்குள் இருப்பதால் இலவம் சட்டென்று பற்றும். கட்டிலடியில் கொசுவத்திச் சுருள் வைக்கும் பழக்கம் உடனே நிற்க வேண்டியது. ஃபோம் தப்பித்ததாக நினைக்க வேண்டாம். அது எரிந்தால் வரும் புகையே ஆளைக் கொல்லும்.

சூட்டைப் பார்த்தாயிற்று. முதுகு? நம் ஊரில் முதுகுவலி என்றாலே "கட்டாந்தரையில படு" என்பார்கள். மருத்துவர்களும் வெகுகாலம் கெட்டியான படுக்கையையே சொன்னார்கள். ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ கோவாக்ஸ் தலைமையிலான குழு இதைச் சோதித்து, முடிவை 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேர். பாதிப்பேருக்கு மிகக் கெட்டியான மெத்தை, மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி. ஒன்று என்றால் மிகக் கெட்டி, பத்து என்றால் மிக மென்மை என்ற அளவுகோலில் முதலாவது 2.3, இரண்டாவது 5.6. யாருக்கு எது கிடைத்தது என்பது படுத்தவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், படுக்கையிலும் எழுந்திருக்கும்போதும் வலி குறைந்ததில் நடுத்தர மெத்தைக்காரர்களே முந்தியிருந்தார்கள்.

காரணம் நம் உடம்பின் வடிவம். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும் வெளியே துருத்தி நிற்கும், இடை உள்ளே போகும். தரை தோளையும் இடுப்பையும் மட்டும் தாங்கும், இடை தொங்கும், எடை முழுவதும் இரண்டு சின்னப் பரப்பில் இறங்குவதால் அங்கே ரத்தம் ஓடுவது தடைப்பட்டு, மரத்துப்போய்ப் புரண்டு படுப்போம். நைந்துபோன கயிற்றுக் கட்டில் இதற்கு நேரெதிர்: கனமான நடு உடம்பு பள்ளத்தில் இறங்க, முதுகெலும்பு வில்லாகும். நல்ல மெத்தை தோளையும் இடுப்பையும் கொஞ்சம் உள்வாங்கி, இடைக்குக் கீழேயும் வந்து தொட வேண்டும்.

'கொஞ்சம்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். 45 கிலோ பெண்மணிக்குக் கெட்டியாகப் படும் அதே மெத்தை, 85 கிலோ கணவருக்குப் பள்ளமாகப் படும். ஆகவே 'ஆர்த்தோ' என்று மேலே தைத்திருக்கும் எழுத்து எதையும் அளந்து சொல்வதில்லை. அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் ஃபோம் வெட்டும்போது விழும் துண்டுகளை அரைத்து, பசையிட்டு அழுத்திய ரீபாண்டட் பலகை. கனமான ஆட்களுக்கு அடித்தட்டாக அது நல்லது. மெலிந்தவர்களுக்கு, மேலே மென்மையான அடுக்கு இல்லாவிட்டால், தரையில் படுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எடையில் வெகு வித்தியாசம் உள்ள தம்பதிக்கு ஒரே பெரிய மெத்தையைவிட இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போடுவது புத்திசாலித்தனம். ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங்கும் இதைத்தான் செய்கிறது, விலை கூடுதலாக.

மெமரி ஃபோமுக்குக் கெங்குவார்பட்டி ஒரு நல்ல ஆய்வுக்கூடம். 1966-ல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக, விமான இருக்கைகளுக்கென்று சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருள் இது. சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும். ஒரே மெத்தையை மே மாதம் கெங்குவார்பட்டியில் போட்டால் படுத்த உடனே அமிழும். பக்கத்தில் பிரியும் மலைச்சாலையில் ஏற்றி, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் மார்கழி இரவில் போட்டால் முதல் பத்து நிமிஷம் பலகை. மலைமேல் இருப்பவர் உடம்பைச் சூழும் கதகதப்புக்காகவே அதை வாங்கலாம். அடிவாரத்தில், ஏசி இல்லாத வீட்டில், நான் வாங்க மாட்டேன்.

தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊரில் தென்னை நார் மெத்தையை மறக்க முடியாது. நாரை முறுக்கிச் சுருள வைத்து, பிரித்துப் பரப்பி, ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடாக்கினால் நார்கள் தொடும் இடமெல்லாம் ரப்பர் முடிச்சு விழும். பெரிய பெரிய இடைவெளிகள். காற்றோட்டத்தில் இதை மிஞ்ச ஃபோமால் ஆகாது. கெட்டியானது. வருஷங்கள் ஆக, அந்த முடிச்சுகள் விட்டுப்போய் நடுவில் குழி விழும். தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் போட்டால் அதைத் தள்ளிப்போடலாம். லேடெக்ஸ் மெத்தையில் ரப்பரே முழுவதும்: 1929-ல் இங்கிலாந்தின் டன்லப் ஆய்வகத்தில் ரப்பர் பாலைக் கடைந்து நுரையாக்கிப் பிறந்தது. நீண்ட நாள் உழைப்பதில் இதுவே முன்னால் நிற்கும், விலையிலும்.

ஃபோம் வாங்குவதென்று முடிவானால் ஒரு தராசு போதும். மெத்தையின் கன அடியை டென்சிட்டியால் பெருக்கி 35-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். ஆறடி நீளம், மூன்றடி அகலம், நாலு அங்குல உயரம் என்றால் ஆறு கன அடி. 32 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக ஐந்தரை கிலோ. 40 என்றால் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாலு கிலோ காட்டினால், ஒட்டியிருக்கும் சீட்டு என்ன சொன்னாலும் உங்கள் கையில் இருப்பது 23, 24 டென்சிட்டி. எடை கூடக் காட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூளைக் கலப்பதும் உண்டு. ஓர் ஓரத்தைக் கசக்கினால் மாவு உதிர்கிறதா பாருங்கள். 32-க்கும் 40-க்கும் காற்றின் அளவில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. சுவரிலோ கால் பங்கு கூடுதல், உழைப்பும் அதற்கேற்றபடி. டென்சிட்டி கூடினால் கெட்டி கூடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மென்மையான 40-ம் உண்டு, கெட்டியான 28-ம் உண்டு. ஒன்று ஆயுள், மற்றது குணம்.

கடைக்குப் போனால் உட்கார்ந்து குதித்துப் பார்ப்பது வீண். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிஷம் படுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். மல்லாந்து படுத்து இடைக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. கையே நுழையாமல் இடுப்பு அமிழ்ந்திருந்தால் மென்மை.

பணத்தை இரவுக் கணக்கில் போடுங்கள். ஆறாயிரம் ரூபாய் மெத்தை மூன்று வருஷம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு ஐந்தரை ரூபாய். பதினைந்தாயிரம் ரூபாய் மெத்தை பத்து வருஷம் வந்தால் நாலு ரூபாய் சொச்சம். ஆனால் பதினைந்தாயிரத்தைத் தவணையில், வட்டியோடு கட்டினால் அந்த மிச்சம் குறைந்துவிடும். கையில் பணம் குறைவு என்றால் என் தேர்வு: நல்ல இலவம் பஞ்சு மெத்தை, வருஷத்துக்கொரு தடவை பிரித்து அடைக்கும் மனசு இருந்தால். அந்த வேலைக்கு ஆளில்லாத வீட்டுக்குத் தென்னை நாரும் அதன் மேல் ஒன்று இரண்டு அங்குல 40 டென்சிட்டி ஃபோமும். இரண்டையும் ஒட்டியும் விற்கிறார்கள். தனித்தனியாக வாங்கினால் மேலடுக்கு நைந்ததும் அதை மட்டும் மாற்றலாம். ஒருக்களித்துப் படுப்பவர் மேலடுக்கில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். நூறு கிலோவை நெருங்குபவர் உயரத்தைப் பார்க்காமல் டென்சிட்டியைப் பார்க்கட்டும். கைக்குழந்தைக்கு மட்டும் இந்த மென்மைக் கணக்கு எதுவும் பொருந்தாது. தட்டையான, அமுங்காத படுக்கை, தலையணை இல்லாமல். முகம் புதைந்தால் அது தானாகத் திரும்பாது.

மிச்சம் பிடித்த காசில் இரண்டு இலவம் பஞ்சுத் தலையணை வாங்குங்கள். ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் மெத்தைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய உங்கள் கழுத்திலிருந்து தோள்முனை வரை உள்ள நீளம். அதை நிரப்பும் உயரம் வேண்டும், மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதி போதும். ஒரு ஓரத்தைத் தைக்காமல் ஜிப் வைத்துத் தரச் சொன்னால், பஞ்சைப் பிடி பிடியாக எடுத்தும் சேர்த்தும் உங்கள் கழுத்துக்குச் சரியாக வரும்வரை நீங்களே அளவு பார்த்துக்கொள்ளலாம். அந்த வேலையை முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், மின்விசிறியை அணைத்துவிட்டு.